கராஜில் வைத்த மீன்

நிலப்படம் வரைவது என் வேலை. கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் சின்ன அலுவலகம். கணினியில் எல்லைக்கோடு போடுவோம். சென்ற ஆண்டு அலாஸ்காவிலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கே பூர்வகுடி மக்களின் நிலத்தில் பெரும்பகுதி, அவர்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனிகளின் பெயரில் இருக்கிறது. அப்படி ஒரு கம்பெனியும் அரசு வனத்துறையும் நிலம் மாற்றிக்கொள்ளப் பேசிக்கொண்டிருந்தன. வனத்துறை மரம் அடர்ந்த மலைச்சரிவைத் தரும். கம்பெனி கடலோரத்தில் சில துண்டுகளைத் தரும். இரு பக்கமும் மதிப்பு சமமாக வர வேண்டும்.

கம்பெனியின் நில அதிகாரி என் வயதுப் பெண். படங்களைச் சரிபார்க்க எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். கொடுக்கவிருந்த துண்டுகளில் ஒன்று, ஓடை கடலில் சேரும் இடம். அவள் அம்மா கோடைதோறும் சால்மன் மீனைப் புகை போட்டுப் பதப்படுத்துவது அங்கேதான். அதை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி கம்பெனி இயக்குநர்களிடம் கேட்கப்போகிறாள். மரம் இல்லாததால் அந்தத் துண்டுக்கு மதிப்பீட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எடுத்துவிட்டாலும் கணக்கு சாயாது. இயக்குநர்களின் வீடியோ கூட்டத்தில் இந்த ஒரு விஷயத்தை நான் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். "நான் சொன்னால் அம்மாவுக்காகப் பேசுகிறேன் என்பார்கள்" என்றாள். சரி என்றேன்.

அது நவராத்திரி சமயம். கொலு பார்க்க வா என்று வீட்டுக்கு அழைத்தேன். சொந்தமாகப் புகை போட்ட மீனை ஒரு கண்ணாடி பாட்டிலில் கொண்டுவந்தாள். என் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சிரித்தாள். சமையலறைக்குள் வந்ததும் குரல் மாறியது.

"கொலு வெச்சிருக்கிற வீட்டுல மீனாடி? ஃப்ரிட்ஜ் கிட்டயே போகாத. கராஜ்ல வெச்சிட்டு வந்து கைய அலம்பு."

செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். கையையும் அலம்பினேன்.

கூடத்தில் அப்பாவின் நண்பர், ஷேர் மார்க்கெட் பேசாமல் அவருக்குச் சுண்டல் இறங்காது, அவளிடம் அந்தக் கம்பெனிப் பங்கு எங்கே வாங்கலாம் என்று ஆங்கிலத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். அது விற்பனைக்கு இல்லை, குடும்பத்தில் கைமாறி வருவது, அம்மாவுக்கு உண்டு, தனக்கு இன்னும் இல்லை என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். ஓடை கடலில் சேரும் அந்த இடத்தைக் காப்பாற்றப் பார்ப்பதையும் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இது, ஷேரே இல்லாத பொண்ணு எதுக்கு இவ்ளோ டென்ஷன் ஆகுது? அது என்ன பீச் ஃப்ரன்ட் ப்ராப்பர்ட்டியா?"

"ஐயோ அங்கிள், அந்த க்ரீக் மவுத் கம்ப்ளீட்லி வொர்த்லெஸ். டிம்பரே கிடையாது. வெறும் எமோஷனல் அட்டாச்மென்ட்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். தமிழில் பேசினால் வெளியாருக்குப் புரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அந்த வாக்கியத்தில் தமிழ் எவ்வளவு இருந்தது என்று அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தபோதுதான் உறைத்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கொலுப்படிகளில் இருந்த செட்டியார் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வெற்றிலை பாக்கும் தேங்காயும் ரவிக்கைத் துணியும் கொடுத்தாள். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் எல்லோரும் ஷூ கழற்றுவது கராஜில்தான். குனிந்து ஷூ மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவளுக்கு நேர் எதிரே அந்த பாட்டில் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு, கூட்டத்தில் தானே பேசிக்கொள்வதாகவும், நான் படத்தைத் திரையில் காட்டினால் போதும் என்றும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கூட்டத்தில் அவள் தனியாகப் பேசினாள். ஒரு இயக்குநர், "இது உன் அம்மாவுடைய இடம்தானே?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். நான் மியூட்டில் இருந்தேன். சொல்ல வேண்டியது ஒரே வரி, தெரிந்த வரி. அவள் வேண்டாம் என்றாளே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வாக்கெடுப்பில் ஓடை வனத்துறைக்குப் போயிற்று.

பாட்டில் இன்னும் கராஜில் இருக்கிறது. "எக்ஸ்பைர் ஆயிருக்கும்டி, தூக்கிப் போடு" என்று போன வாரம் அம்மா சொன்னாள். தேதி இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன். இல்லை. மூடியில் அந்த ஓடையின் பெயரைக் கையால் எழுதியிருந்தார்கள். பழையபடி செருப்புக்கு மேலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.