பச்சை விறகில் ஒரு பொங்கல்

இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவன் என்று தெரிந்தால் போதும், மலாயாவில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அங்கே காடெல்லாம் ரொம்ப அழகா இருக்குமாமே" என்று ஆரம்பித்துவிடுவார். பனி, பூ, பொன்னிற இலை என்று காலண்டரில் பார்த்த எல்லாவற்றையும் என் வாயால் இன்னொரு முறை கேட்க வேண்டும் அவர்களுக்கு. நான் போன காடு ஒன்றே ஒன்றுதான். அதை நான் வெறுக்கிறேன். அந்த வெறுப்பு வயதானால் தணியும் என்று நினைத்தேன், தணியவில்லை.

காடு என்று அதைச் சொல்வதே அதிகம். இந்தப் பக்கம் நின்று தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பின்னால் இருந்த மேய்ச்சல் நிலங்களைத் தாண்டினால், ஒரு சரிவில் ஓக் மரமும் பிர்ச் மரமுமாக அடர்ந்து நிற்கும். இயற்கைப் பாட விரிவுரையாளர் அதைப் பற்றிப் பேசும்போது கோயிலுக்குள் நிற்பவரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். நாங்கள் போன தை மாதத்தில் அங்கே ஒரு இலைகூட இல்லை. காலடியில் சேறு. முழங்காலுக்குக் கீழே முள்கொடி. தலைக்கு மேலே காக்கைகள், அதுவும் நம் ஊர்க் காக்கையைவிட இரண்டு மடங்கு பெரியதாக, எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தன.

நாங்கள் என்றால் நானும் என் அறைத்தோழனும். மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, முந்திய வருடம் அது. ஊரில் பள்ளிக்கூடங்கள் பெருகிக்கொண்டிருந்தன, ஆசிரியர்கள் போதவில்லை. மலாயாவிலிருந்து மலாய், சீன, இந்தியப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். நான் நகராட்சிக் குமாஸ்தாவின் மகன். காஜா பெராங்கில் சிமெண்டுத் தரை போட்ட வீடு. தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்தாரான அக்கம்பக்கத்துச் சிட்டிப் பிள்ளைகளோடு மலாயில் பேசி விளையாடி, பள்ளியில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் வாங்கி வளர்ந்தவன். என் தோழன் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவன். அவன் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், அப்பா இல்லை. அந்தத் தோட்டத்திலிருந்து கடல் தாண்டிய முதல் ஆள் அவன். சான்றிதழோடு திரும்பினால் ஆசிரியர் வேலை, வேலையோடு வீடு, அம்மா கத்தியைக் கீழே வைத்துவிடலாம். இதை அவன் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வான். எனக்குச் சலிப்பாக இருக்கும்.

பொங்கல் வைக்க வேண்டும் என்றது நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். பக்தியெல்லாம் இல்லை. அந்த ஊரின் அவித்த முட்டைக்கோஸ் வாடையிலிருந்து ஒரு நாளாவது தப்பிக்க வேண்டும் என்ற வெறி. கல்லூரிச் சமையலறையில் எங்களை விடமாட்டார்கள். தவிர, பொங்கல் என்றால் வெளியில், விறகில், சூரியனுக்கு எதிரில் வைக்க வேண்டும். அங்கே சூரியன் இருந்ததா என்பது வேறு விஷயம். அரிசி, பால், வெல்லத்துக்குப் பதிலாகப் பழுப்புச் சீனி, ஒரு அலுமினியப் பாத்திரம் எல்லாம் சேர்த்தோம். சமையலறையிலிருந்து இறைச்சி வெட்டும் கத்தியை யாரையும் கேட்காமல் எடுத்து என் மேல்கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டதும் நான்தான்.

காட்டில் தரையில் கிடந்த சுள்ளியெல்லாம் ஊறிப்போயிருந்தது. சரிவின் ஓரத்தில் கட்டைவிரல் பருமனில் வரிசையாகச் சில குச்சிகள் நட்டுக்கொண்டு நின்றன. இலை இல்லை, துளிர் இல்லை. எங்கள் ஊரில் ஒரு மரம் அப்படி நின்றால் அது செத்துவிட்டது என்று அர்த்தம். குடும்பம் குடும்பமாக வந்து வெட்டிக்கொண்டு போவார்கள். நான் மூன்றை வெட்டி நான்காவதில் கத்தியை வைத்தபோது அவன் ஓடி வந்தான்.

"டேய், வெட்டாத! உசுரோட இருக்குடா."

"கண்ணு தெரியலையா உனக்கு? காஞ்சு போய் நிக்குது."

அவன் நகத்தால் ஒரு குச்சியின் பட்டையைக் கீறிக் காட்டினான். உள்ளே பச்சையாக இருந்தது.

"மாசி மாசம் எங்க தோட்டத்துக்கு வந்து பாரு. பால்மரம் பூரா இப்படித்தான் மொட்டையா நிக்கும். செத்தா போச்சு? அப்புறம் தளதளன்னு வரல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத என்னிடம் திருத்தம் கேட்பவன் எனக்குப் பாடம் எடுப்பதா? "உன் தோட்டத்துக் கதைய ஊர்ல போய் வச்சுக்க. இது இங்கிலாந்து, லா" என்றேன். நான்காவதையும் வெட்டினேன். வேண்டுமென்றே வெட்டினேன்.

அடுப்பு மூட்டினோம். பச்சை விறகு எரியுமா? மொத்தமாகப் புகைந்தது. வெள்ளைப் புகை மரங்களுக்கு மேலே எழும்பி, கல்லூரி வரைக்கும் தெரிந்திருக்கும். பால் வெதுவெதுப்புக்குமேல் போகவே இல்லை. நான் எரிச்சலோடு ஐந்தாவதை வெட்டப் போனேன். அவன் பாய்ந்து என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினான். அந்த நேரத்தில் ஒரு நாய் குரைத்தது. நாய்க்குப் பின்னால் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் வந்தார். சிவந்த முகம், முழங்கால்வரை பூட்ஸ். அவர் பார்த்தது என்ன? புகைகிற அடுப்பு, வெட்டுண்ட கன்றுகள், கையில் கத்தியோடு என் தோழன்.

அவை ஓக் கன்றுகள், தாமே விதை பொறுக்கி முளைக்கவைத்து நட்டவை என்று அவர் கத்தினார். அடிபட்டவர் குரல் அது. அதற்குப் பிறகு எங்கள் நிறத்தைப் பற்றியும் எங்கள் ஊரைப் பற்றியும் அவர் சொன்னவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. நாய் என் தோழனின் கால்சட்டையைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதை அடக்கவில்லை. கள்ளனுக்குத் தேள் கொட்டியதுபோல நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை முதல்வரின் அறை. நிலக்கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. சொந்தக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெட்டியவனைக் கல்லூரி என்ன செய்யப்போகிறது என்று தெரியாவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று அவர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. திருடிய கத்தி, அத்துமீறல், அடுத்தவர் காட்டில் நெருப்பு. மூன்றில் எதற்கும் திருப்பி அனுப்பலாம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். யார் வெட்டியது என்று முதல்வர் கேட்டார்.

என் தோழன் ஆங்கிலத்தில் யோசித்துத்தான் பேசுவான். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, தட்டிப் பார்த்து, பிறகு வைப்பான். அவன் வாயைத் திறப்பதைப் பார்த்தேன். நான் முந்திக்கொண்டேன்.

"ஐயா, என் நண்பன் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவன். அங்கே உள்ளவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. இலை இல்லாத மரம் உயிரோடு இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அறியாமல் செய்துவிட்டான். மன்னிக்க வேண்டும்."

எவ்வளவு நல்ல ஆங்கிலம்! சொந்தக்காரர்கூடத் திரும்பி என்னைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதற்கு மேல் மன்னிப்பு என்ற நெய்யையும் ஊற்றினேன். முதல்வர் அவனிடம், அப்படித்தானா என்று கேட்டார். அவன் முதல்வரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான். முதல்வர் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

எனக்கு எச்சரிக்கை. அவனுக்குக் கப்பல். அந்த வாரமே பெட்டி கட்டினான். ஒரே அறையில்தானே இருந்தோம், நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குளிருக்கு வாங்கிய தன் கம்பளிச் சட்டையை மடித்து மேசைமேல் வைத்தான், ஊரில் அதற்கு வேலையில்லை. "உனக்கு வேணும்னா போட்டுக்க" என்றுகூடச் சொல்லவில்லை. அவன் போன பிறகு அந்தச் சட்டையை நான் போட்டுக்கொண்டேன். குளிர் அப்படி.

சித்திரை வந்ததும் அந்தக் காடு மொத்தமும் பச்சையாகிவிட்டது. விரிவுரையாளர் எங்களை அங்கே கூட்டிப்போய், பாருங்கள், பாருங்கள் என்றார். எல்லோரும் பார்த்தார்கள். வெட்டுண்ட கன்றுகளின் அடியிலிருந்துகூடத் துளிர் கிளம்பியிருந்தது. எனக்கு அந்த இடத்தையே கொளுத்த வேண்டும் போலிருந்தது. தலைவலி என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

சுதந்திர நாட்டுக்குத்தான் நான் திரும்பினேன். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. உண்மை பேச வேண்டும் என்று பிள்ளைகளைக் கரும்பலகையில் எழுதவைத்தேன். ஊருக்குத்தானே உபதேசம். ஒரு சனிக்கிழமை செமாபோக்கில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக பஸ் ஏறினேன். காக்கிச் சட்டையில் டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தவன் அவன்தான். இறங்கிவிடலாமா என்று பார்த்தேன், பஸ் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கிழித்தது போலவே எனக்கும் கிழித்துக் கொடுத்தான்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். டிரைவர் தேநீர் குடிக்கப் போனார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றேன். வேறு எதைக் கேட்பது?

"இன்னும் பால் வெட்டுது."

"நான் அன்னிக்குப் பயந்துட்டேன்டா. என்னையும் அனுப்பிடுவாங்கன்னு பயந்துதான் அப்படிச் சொன்னேன். மன்னிச்சிரு."

அவன் எதிர் இருக்கையின் கம்பியில் சாய்ந்துகொண்டு டிக்கெட் கட்டைப் பைக்குள் வைத்தான். அவனுக்குக் கோபம் இருந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

"பயம் எல்லாத்துக்கும் வரும்லா. இவன்தான் வெட்டினான்னு மட்டும் நீ என்னைக் காட்டியிருந்தா, இல்ல, இவன்தான் வெட்டினான்னு நானும் உன்னைக் காட்டியிருப்பேன். அதுக்குத்தான் வாயைத் தொறந்தேன். நீ என்னா சொன்னே? மரம் செத்துப்போச்சா உசுரோட இருக்கான்னு தோட்டத்துக்காரனுக்குத் தெரியாதுன்னே. அந்தக் காட்டுல உனக்குச் சொன்னதே நான்தான்டா. எங்கம்மா மரத்துக்கிட்டயே கெடந்து எங்களை வளத்துச்சு, அதுக்குத் தெரியாதா? அதுக்கப்புறம் என்னால வாயைத் தொறக்க முடியல." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "பொய்யை நீ பயந்து சொன்னே, சரி. ஆனா தோட்டத்துக்காரனுக்குத் தெரியாதுன்னே பாரு, அதைப் பயந்து சொல்லல. அதை நம்பித்தான் சொன்னே."

இல்லை என்று சொல்ல வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதும், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த 'இல்லை'யைத் தேடினேன். பயந்தவனுக்கு நாக்கு குழறும். அன்று முதல்வரின் அறையில் எனக்கு ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.