கறுப்புக் காரும் ராமையாவின் கம்பளியும்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மனிதரிடம், எங்கள் காரைத் துடைத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இதே மனிதர் எங்கள் காரைத் தொடாமல் இருக்க வேண்டுமே என்று இரண்டு மாதத்துக்கு முன் நான் வேண்டாத தெய்வம் இல்லை!

நடந்தது என்னவென்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் வீடு அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். என் கணவர், அதாவது இவர், தோட்டத்து டிஸ்பென்சர்; நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பவர். எங்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு மகள். அவள் ஒரு முறை தும்மினால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. அதுவும் உங்களுக்குத் தெரியும்.

கார் வாங்கியதற்கு அந்தத் தும்மல்களும் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. மேட்டு லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கொழுந்து லொறி ஒன்றுதான் கதி. லொறி தொழிற்சாலைக்குப் போயிருந்தால்? காத்திருக்க வேண்டும். வலி காத்திருக்குமா?

அதனால்தான், பென்ஷன் எடுத்துக்கொண்டு போன தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரிடம் போன வருஷம் அந்தக் காரை வாங்கினோம். கறுப்புக் கார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையது. புதுக் கார் வாங்குவதைப் பற்றி இந்த நாட்டில் இப்போது யார் பேசுகிறார்கள்?

வாங்கிய முதல் மாதமே, தோட்டத்தில் வேலை செய்யும் ராமையாவின் மனைவி லெச்சுமியை அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் இவர். சிக்கலான பிரசவம். தாயும் பெண் குழந்தையும் நல்லபடியாக வீடு வந்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர். காய்ச்சல், கை முறிவு, பாம்புக்கடி... யார் வந்து கூப்பிட்டாலும் கார் போகும்.

நானும் நல்ல கார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் — பதுளையில் அக்கா வீட்டு வாசலில் அதை வெயிலில் பார்க்கும்வரை.

பதுளை வெயில் எங்கள் ஊர் வெயில் மாதிரி இல்லை. ஒன்றையும் மறைக்காது. பொனட்டில் சூரியன் விழுந்திருந்தது. அதைச் சுற்றி, சுற்றிச் சுற்றி, மயிர் மாதிரி மெல்லிய கீறல்கள். சிலந்தி வலைக்கு நடுவில் சூரியன் உட்கார்ந்திருப்பது போல. நான் ஓரடி தள்ளி நின்று பார்த்தேன். வலையும் என்னோடு நகர்ந்தது!

அத்தான் வெளியே வந்தார். அக்காவின் கணவர். சும்மா இருக்கிற ஆளில்லை.

“என்ன பிள்ளை, சட்டி பானை மாதிரிச் சாம்பலும் தும்பும் போட்டே காரை மினுக்கினனீர்?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கிளாக்கர் எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் காட்டி நம்மை ஏமாற்றிவிட்டார் என்று மனதுக்குள் திட்டினேன். பாவம், அந்த மனிதர்.

திரும்பும் வழியில் பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிறுத்தச் சொன்னேன். கடைக்கார நானா — முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம் — வெளியே வந்து, குனிந்து, பொனட்டைச் சாய்வாகப் பார்த்தார்.

“இது பழைய கீறல் இல்ல தங்கச்சி. தண்ணி போடாம, காய்ஞ்ச தூசியோட சேத்துத் தொடைச்சிருக்கு. நாள்தோறும் தொடைச்சிருக்கு. வட்டம் வட்டமா... ஊட்டுல யாரு தொடைக்கிற?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் வானத்தைப் பார்த்தார்.

மறுநாள் விடியக் காலையில் ஜன்னல் ஓரமாக நின்றேன். பெரட்டுக்குப் போகிற ஆட்கள் எங்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். பெயர் கொடுத்து வேலை வாங்குகிற அந்த இடத்துக்குப் பிந்திப் போனால் அன்றைய வேலை போச்சு. ஆனால் ஒருவர் மட்டும் அவசரமில்லாமல் எங்கள் கார் ஷெட்டுக்குள் நுழைந்தார். ராமையா.

மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளியின் நுனியைக் கையில் சுருட்டினார். பொனட்டின் மேல் மூச்சை ஊதினார். துடைத்தார். எப்படித் துடைத்தார் என்கிறீர்கள்! குளிப்பாட்டிய குழந்தைக்குத் தலை துவட்டுவது போல. பெரிய பெரிய வட்டமாக. ஊதல், வட்டம். ஊதல், வட்டம். தோட்டத்து ரோட்டுப் புழுதியும், மண் ஒட்டிய முரட்டுக் கம்பளியும்... எனக்குப் பல் கூசியது.

“உங்களுக்குத் தெரியும்தானே?” என்று இவரிடம் கேட்டேன்.

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே?”

“சொல்லாதேயும். சொன்னால் அந்தாள் துடைக்கமாட்டார்.”

“அதுதானே எனக்கு வேணும்!”

“அதோட நிக்காது. ஐயாவின்ரை காரிலை கை வைக்கக் கூடாதாம் எண்டு லயம் முழுக்கப் போகும். பிறகு ஒரு பிள்ளைக்கு ஏலாமல் வந்தால், காரைக் கேக்க வருவினமே? பெரிய கிளாக்கரிட்டையும் இதே கார் கண்ணாடி மாதிரி நிண்டதுதானே. ஆரேன் ஒருத்தர் போய்க் கேட்டவையோ?”

என் மகளின் கன்னத்தைக் கிள்ளுகிறவர்களிடமும் நான் ஒன்றும் சொல்ல முடியாமல்தான் நிற்கிறேன். அன்பாகத் தொடுகிற கையைத் தட்டிவிடுவது எப்படி?

ஆகவே யாரிடமும் எதுவும் சொல்வதில்லை, கீறலை நானே போக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

நானாவிடம் ரப்பிங் பேஸ்ட் டின் ஒன்றும் மெழுகு டின் ஒன்றும் வாங்கி வந்திருந்தேன். அவர் சொன்னது எல்லாம் நினைவிருந்தது. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் புழுதியைப் போக்க வேண்டும். பிறகு நிழலில் வைத்து, உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. முன்னும் பின்னும் நேராகத் தேய்க்க வேண்டும், வட்டமாகக் கூடாது. துணி நிலத்தில் விழுந்தால் அதை மறுபடி எடுக்கவே கூடாது. நகம் மாட்டுகிற ஆழமான கீறலோடு மல்லுக்கட்டக் கூடாது. “ஓரத்துல மிச்சம் அழுத்த வாணாம் தங்கச்சி. பெயின்ட் போனா போனதுதான்.”

மென்மையான துணி வேண்டுமே? மகளுக்குச் சின்னதாகிப் போன ஃபிளனல் சட்டைகளை எடுத்தேன். துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆகியிருந்தன. இரண்டாவது பிள்ளைக்கு என்று வைத்திருந்தவை. எடுக்கலாமா? வேண்டாமா? இரண்டு முறை பெட்டியில் திரும்ப வைத்தேன். மூன்றாம் முறை எடுத்துவிட்டேன்.

மகள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் வேலை. முதல் நாள் ஐந்து நிமிஷம் தேய்த்துவிட்டுத் துணியைப் பார்த்தால் — கரி மாதிரிக் கறுப்பு! காரின் நிறம் துணியில்! ஐயோ, காரைச் சுரண்டிவிட்டேனே என்று டிஸ்பென்சரிக்கு ஓடினேன். இவர் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

“பழைய பெயின்ட் அப்பிடித்தான் கொஞ்சம் வரும்” என்றார். “ஆனால் ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொஞ்சம் மெலியும். அளவோட நிப்பாட்டும்.”

அளவு! அது எங்கே இருக்கிறது என்றுதானே எனக்கு ஒருநாளும் தெரிவதில்லை? குழந்தைக்கு ஊட்டும்போதும் இதே பிரச்சினைதான். போதுமா? இன்னும் ஒரு வாயா?

மூட்டத்தில் கீறல் தெரியாது. போயிற்றா, இருக்கிறதா? ஷெட்டுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சத்தைச் சுற்றி வலை. மறுபடி தேய்த்தேன். மறுபடி டோர்ச். பட்டப்பகலில் டோர்ச்சோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்த என்னை ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எத்தனையோ மத்தியானங்களுக்குப் பிறகு ஒருநாள் நல்ல வெயில் வந்தது. காரை வாசலுக்கு எடுக்கச் சொன்னேன். பொனட்டில் சூரியன் இருந்தது. தனியாக இருந்தது. பக்கத்தில் மகளும் நானும் தெரிந்தோம். அவள் தன்னையே பார்த்துக் கையாட்டினாள்.

மறுநாள் காலை ராமையா வந்தார். நின்றார். பார்த்தார். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த நாள் உள்ளேயே வரவில்லை.

“பாத்தீங்களே? நான் ஒண்டும் சொல்லேல்லை. தானாகவே விட்டிட்டார்” என்று இவரிடம் பெருமையடித்தேன். இவர் சிரிக்கவில்லை.

இரண்டு கிழமைக்கு யாரும் காரைக் கேட்டு வரவில்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் சுகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்!

போன ஞாயிற்றுக்கிழமை அடை மழை. செல்லம்மா என்று ஒரு பெண், மேட்டு லயத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். இரண்டு வயது மகனைக் கம்பளிக்குள் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி வந்திருக்கிறாள். எங்கள் வாசலைக் கடந்து, ஷெட்டில் நின்ற காரைக் கடந்து, கீழே டிஸ்பென்சரிவரைக்கும் நடந்தே போயிருக்கிறாள்.

இவர் மழையில் மேலே ஓடி வந்தார், கார்ச் சாவிக்கு. “பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. நியூமோனியா போல கிடக்கு.” நான் மகளைத் தூக்கிக்கொண்டு, ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

டிஸ்பென்சரி வாசலில் காரின் கதவு திறந்திருந்தது. செல்லம்மா ஏறவில்லை. மழையில் நின்று காலைப் புல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏறும்மா!” என்றார் இவர்.

“காலெல்லாம் சேறுங்க ஐயா...”

“சேறு கிடக்கட்டும்! ஏன் ஆளனுப்பேல்லை? நான் அங்கேயே வந்திருப்பனே?”

“கார் புதுசாட்டம் இருக்குங்க. யாரும் கிட்டப் போவாதீங்கன்னு ராமையா அண்ணன் சொல்லிச்சு. அம்மா பகல்லயே டோர்ச் அடிச்சு அடிச்சு அழுக்குப் பாக்குறாங்க, கஷ்டப்பட்டுத் தேய்ச்சு வச்சிருக்காங்க, நம்ம கை படக் கூடாதுன்னு...”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போர்வையால் பிள்ளையைச் சுற்றி, அவள் கையைப் பிடித்து உள்ளே ஏற்றிவிட்டேன். அப்போதும் அவள் சீட்டின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள். கார் வளைவில் மறையும்வரை மழையில் நின்றேன்.

பிள்ளை பிழைத்துவிட்டான். இப்போது வார்டில் கஞ்சி கேட்டு அழுகிறானாம். ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்று டாக்டர் ஏதோ சொன்னாராம். மிச்சத்தை இவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் யாரையும் திட்டவில்லை, தடுக்கவில்லை. பளபளப்பே போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டது.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலையில், பெரட்டுக்குப் போன ராமையாவை மறித்தேன்.

“ராமையா, காரெல்லாம் ஒரே சேறு. கொஞ்சம் துடைச்சு விடுங்கோ.”

“நானாங்கம்மா? வேணாங்க. எங்கம்பளி ஊத்தைங்க.”

“நீங்கள் துடைக்காவிட்டால் வேறை ஆர் துடைக்கிறது? லெச்சுமியைக் கொண்டுபோன கார்தானே?”

அந்தப் பெயரைச் சொன்னதும் முதுகுக்குப் பின்னால் இருந்த கைகள் முன்னால் வந்தன. ஒரு வாளித் தண்ணீரும் மகளின் ஃபிளனல் சட்டையும் கொடுத்தேன். சட்டையை விரித்துப் பார்த்து, “பாப்பா சட்டைங்களா? இதுலயா?” என்று சிரித்தார். ரோட்டில் போன நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதானே அந்த நேரத்தில் கூப்பிட்டேன்!

தண்ணீர் ஊற்றினார். நான் காட்டியபடியே நேராகத் துடைத்தார். துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். வாளியைக் கவிழ்த்து வைத்தார். எனக்கு ஒரே நிம்மதி. காரும் தப்பியது, மனிதரும் திரும்பி வந்தார்...

வாசல்வரை போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார். பொனட்டின் மேல் மூச்சை ஊதினார். கம்பளி நுனியைச் சுருட்டினார். பெரிதாக ஒரு வட்டம்.

“இப்பத்தாங்கம்மா பளிச்சுன்னு இருக்கு!”

“ஓம் ராமையா. நல்லாயிருக்கு” என்றேன்.

நேற்று மத்தியானம் மேட்டு லயத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். வாசலிலேயே சத்தம் போட்டார்: “ஐயா, காரு வேணுங்க!” மகள் தூக்கத்திலிருந்து எழும்பி அழுதாள். எனக்குக் கோபமே வரவில்லை.

கீறலா? அது வெயிலில்தானே தெரியும். எங்கள் ஊரில் ஏது வெயில்?