பாயைக் கொண்டுவர வேண்டியவன்

யெலெமியா என் தங்கச்சி லுபேயைக் கட்டினவன். நாங்க இருக்கிற சவாயி தீவுல பஸ் ஓட்டுறான். கால்ல சக்கரம் கட்டின ஜென்மம். ஜெபம் நடக்கும்போதே எழுந்துபோய் டயர்ல காத்து இருக்கான்னு பாப்பான். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

புதன்கிழமை வேதபாடத்துல போதகரையும் சும்மா விடமாட்டான். அன்னிக்கு ரோமருக்கு எழுதின நிருபம், மூணாம் அதிகாரம். அதுல ஹிலாஸ்டேரியோன்னு ஒரு கிரேக்க வார்த்தை.

"கோபத்தை ஆத்துற பலின்னு சிலர் அர்த்தம் சொல்றாங்க. உடன்படிக்கைப் பெட்டியோட மூடின்னு சிலர். மன்னிப்பு கிடைக்கிற இடம் அது"ன்னார் போதகர்.

"நம்ம பாய் மாதிரியா?"ன்னான் இவன்.

எங்க வழக்கம் அது. ஒருத்தன் பெரிய தப்பு செஞ்சா, அவன் குடும்பத் தலைவர் விடியுறதுக்குள்ள பாதிக்கப்பட்டவங்க வாசலுக்கு வந்து, இருக்கிறதுலயே நல்ல பாயைத் தலையோட போர்த்திக்கிட்டு உக்காருவார். வீட்டுக்காரங்க பாயை எடுத்தா மன்னிச்சாச்சு. எடுக்காமலும் விடலாம். வெட்டிப் போடவும் செய்யலாம்.

"கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா இங்க அதைக் கொண்டாந்து வெச்சது தேவன்."

"அதெப்படிங்க? தப்பு செஞ்சவனில்ல கொண்டாரணும்? அடிபட்டவரே கொண்டாந்தா என்ன நியாயம்?"

போதகர் பைபிளைப் புரட்டித் தேடினார். "உக்காருப்பா, நாளைக்கும் பைபிள் இருக்கும்"னு நான்தான் அடக்கினேன்.

ரெண்டு மாசத்துல அவனோட ஒரே மக மெலே செத்துப்போனா. ரோட்டோரமா நடந்து வந்த பிள்ளையை, அடுத்த ஊர் ஃபோலாசா வண்டியில வந்து மோதிட்டான். போலீஸ் பிடிச்சு ஜாமீன்ல விட்டுடுச்சு. அந்தப் பாவி கொன்னது என் மடியில வளந்த குழந்தையை.

அடக்கம் முடிஞ்சும் அவங்க வீட்டுலயிருந்து ஒருத்தரும் பாயோட வரல. யெலெமியா தினம் இருட்டோட கதவைத் திறந்து வாசலைப் பாப்பான். புல்லுதான் இருக்கும். உள்ள போவான், திரும்ப வருவான். லுபே சோத்தைத் தொடல. அவனோட அண்ணன் மகனுங்க வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கிட்டு, "ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் சித்தப்பா பொறுப்போம்"னானுங்க.

சனிக்கிழமை விடியக்காலம் என்னை உலுக்கினான். "மச்சான், பஸ்ல ஏறு."

கையில லுபேயோட கல்யாணப் பாய். வாசல்ல அவ மறிச்சா. "அதை எங்க எடுத்துட்டுப் போற?"

"போர்த்திக்க."

நெஞ்சுல அறைஞ்சுக்கிட்டு அழுதா. அப்புறம் அதை வாங்கி, அவளே ஒழுங்கா மடிச்சுக் கொடுத்தா.

வழியெல்லாம் நான் திட்டினேன். "பிள்ளையைப் பறிகொடுத்தவன் நீ! நீ போய் அவன் வாசல்ல உக்காருவியா? கிறுக்குப் பிடிச்சுருச்சா?"

"அவங்க பயந்து கிடக்காங்க மச்சான். வரமாட்டாங்க. நாளைக்கு நம்ம பசங்க கையில ரத்தம். மெலேக்கு அதுவா வேணும்?"

திட்டுறதை நிறுத்திட்டேன். ஆத்திரம் மட்டும் அடங்கல.

அவங்க வாசல்ல போய்ப் பாயைப் போர்த்திக்கிட்டு உக்காந்துட்டான். நாய் குரைச்சுது. உள்ள முணுமுணுப்பு. "யாரது? நமக்கு யாரு என்ன தப்பு செஞ்சா?" வெயில் ஏற ஆரம்பிச்சுது. எந்த நேரத்துல யாரு கல்லை எறிவாங்களோன்னு பஸ் பக்கத்துல நான் பதறிக்கிட்டு நின்னேன்.

கடைசியில அந்தக் குடும்பத் தலைவர் லெயாதா, தடியோட இறங்கி வந்தார். பாயை லேசா விலக்கிப் பார்த்தார். தடி கைநழுவி விழுந்துச்சு.

"ஐயோ, நீங்களா! நாங்கல்ல வந்திருக்கணும்..." அப்படியே மண்ணுல மண்டி போட்டுட்டார்.

"பையன் எங்க?"

சமையல் கொட்டகைக்குப் பின்னாலயிருந்து ஃபோலாசா தவழ்ந்து வந்தான். இருபது வயசு இருக்கும். நான் அவனைக் கொல்லணும்னுதான் நினைச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

யெலெமியா பாயோட ஓரத்தைத் தூக்கிப் பிடிச்சான். "உள்ள வாடா."

ரெண்டு பேர் மேலயும் பாய் மூடிக்கிச்சு. உள்ளயிருந்து அழுகைச் சத்தம் வந்துச்சு. எது யாரு குரல்னு எனக்குத் தெரியல.