தாமலச்செருவில் நின்ற கல்யாணக் கார்

சித்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபையில் முதன்முதலாகப் புதுக் கார் வாங்கியவர் என் அப்பாதான்; நைனா என்றுதான் கூப்பிடுவேன். எண்பதுகளின் நடுவில் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்த சின்ன வெள்ளைக் கார். கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் வந்த பணத்தை அப்படியே அதில் போட்டுவிட்டார். அதுவரை நாங்கள் பார்த்த கார்களில் இன்ஜின் சுற்றினால் பெல்ட்டோடு சேர்ந்து ஃபேனும் சுற்றும். இதில் ஃபேனுக்குத் தனி மோட்டார். தண்ணீர் சூடானால் தானாக ஓடும், ஆறினால் தானாக நிற்கும். வீட்டுக்கு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி பானெட்டைத் திறந்து காட்டுவார். "அதுக்கே தெரியும், நாம ஒண்ணும் சொல்ல வேணாம்" என்பார்.

என் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு பஜார் தெருவில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறி, ரேடியேட்டர் பொங்கிவிட்டது. மெக்கானிக் தண்ணீரை மாற்றினார், அடைப்பு எடுத்தார். வேலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். முள் அசையவில்லை. சரியாகிவிட்டது என்று நைனா நிம்மதியானார்.

கல்யாணம் திருப்பதியில், மாப்பிள்ளை வீட்டார் சபையில். சொந்தக்காரர்கள் எல்லாரும் விடியற்காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். காரில் நைனா, அம்மா, நான். வெள்ளைப் பட்டுப்புடவையும் தலையில் மணப்பெண் முக்காடான வலையுமாக நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வலை நசுங்கக் கூடாது என்று அம்மா தாம்பாளமும் பூச்செண்டுமாகப் பின்னால் போய்விட்டாள். பூதலப்பட்டு தாண்டும்வரை நைனா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

தாமலச்செருவில் மாங்காய் மண்டி. சீசன் உச்சத்தில் இருந்தது. மாட்டு வண்டிகளும் லாரிகளும் சாலையை அடைத்து நின்றன. ஊர்ந்து ஊர்ந்து போனோம். முள் மெல்ல ஏறி, சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"ஐயோ, மறுபடியும் ஏறிக்கினு போகுதே!" நைனா ஒரு மண்டியின் புளியமர நிழலில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். அம்மா கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாள்.

நான் இறங்கினேன்.

"நீ எங்கம்மா போற? புடவ பாழாப்பூடும்!"

"நைனா, ரோட்டுல வேகமா போச்சே, அப்ப சூடு ஏறல. நின்னா ஏறுது. காத்து வந்தா சரியா கீது. அப்போ தண்ணியில கோளாறு இல்ல, ஃபேனு ஓடல."

நான் அப்போது சித்தூரில் ஒரு பள்ளியில் சயின்ஸ் டீச்சர். கரெண்டு பாடம் நடத்தும்போது பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பல்ப் எரியவில்லையென்றால் பல்பையும் ஒயரையும் சுவிட்சையும் ஒவ்வொன்றாகப் பார். பானெட்டைத் திறந்தோம். அவ்வளவு சூட்டிலும் ஃபேன் அசையாமல் நின்றது. சாவியை எடுக்கச் சொல்லிவிட்டு இறக்கையை விரலால் தள்ளினேன், லேசாகச் சுற்றியது. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. மிச்சம் மோட்டார், இல்லையென்றால் சூடு பார்த்து ஃபேனை ஓடவிடும் அந்தச் சின்ன சுவிட்ச். இப்போது சென்சார் என்கிறார்கள். அதன் தலையில் மாட்டியிருந்த இரண்டு ஒயர் சாக்கெட்டைக் கழற்றினேன். இரண்டையும் நேராகச் சேர்த்துவிட்டால் சுவிட்ச் இல்லாமலேயே கரெண்டு போகும். அப்போது ஃபேன் ஓடினால் குற்றம் சுவிட்சுடையது.

சேர்ப்பதற்குக் கம்பி இல்லை. கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, அதன் இரண்டு காலையும் இரண்டு துளையில் செருகினேன். நைனா சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை.

"மோட்டாரே பூடுச்சா?" என்றார் நைனா. சாலையைப் பார்த்தார். "லாரியிலயாவது ஏத்தி உன்ன கொண்டுபோய்ச் சேக்கறேன்."

ஊசியை உருவிக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் அதன் மேல் பூசியிருந்த கறுப்பு பெயின்ட் கண்ணில் பட்டது. பெயின்டில் எப்படிக் கரெண்டு போகும்? சாலையோரக் கல்லில் உட்கார்ந்து ஊசியின் இரண்டு காலையும் அந்தக் கல்லிலேயே பளபளவென்று தேய்த்தேன். மாங்காய்க் கூடை சுமந்து போன ஒரு பெண் நின்று, "ஏமம்மா, பெள்ளி கூத்துரு இக்கட கூச்சுன்னாவ்?" என்று கேட்டாள். கல்யாணப் பெண் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று. நான் சிரித்துவைத்துவிட்டு மேலும் தேய்த்தேன்.

மறுபடி செருகினேன். நைனா சாவியைத் திருப்பியதும் ஃபேன் 'கிர்ர்' என்று பிடித்துக்கொண்டது. என் வலை காற்றில் பறந்து முகத்தில் மூடியது. "ஸ்தோத்திரம்!" என்று அம்மா பின் சீட்டிலிருந்து கத்தினாள். நைனா இறங்கி வந்து, ஓடும் ஃபேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் கைக்குட்டையால் என் விரலிலிருந்த கரியை ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார். சின்ன வயதில் சிலேட்டுக் கையைத் துடைத்துவிட்ட மாதிரி.

மண்டியில் கேட்டு வாங்கிய கூடை கட்டும் சணலால் ஊசியை இறுகக் கட்டி, வண்டி ஆறியதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். சந்திரகிரி தாண்டி திருப்பதி போய்ச் சேரும்வரை ஃபேன் நிற்காமல் ஓடியது. சபைக் கோயில் வாசலில் போதகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் தாமதம்தான், பரவாயில்லை என்றார்.

புது சுவிட்ச் மெட்ராஸிலிருந்து வந்து, மெக்கானிக் மாட்டியும் கொடுத்துவிட்டார். அதற்கடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை நைனா திருப்பதியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மறுபடியும் முள்ளு ஏர்ற மாரி கீதும்மா, கொஞ்சம் பாக்கறியா?" பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. "நல்லா கீது நைனா" என்றேன். அப்படியா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து காப்பி குடித்தார், மதியச் சாப்பாடு சாப்பிட்டார், சாயங்காலம்தான் கிளம்பினார்.

அடுத்த மாதமும் வந்தார். அப்புறம் நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே நல்லா கீது என்று சொல்வதை விட்டுவிட்டேன். பானெட்டைத் திறந்து, ஒயர்களைத் தொட்டுப் பார்த்து, இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருப்போம். அதற்கு ரொம்ப நேரம் பிடிக்கும். புதுப் பள்ளிக்கூடம் எப்படி, மாமியாருக்கு மூட்டு வலி எப்படி, சமையலுக்கு நல்ல தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் நைனா அப்போதுதான் கேட்பார்.