வேப்பிலை கட்டிய அறையில் வந்தவள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, கண்டிக்குப் பக்கத்தில், வத்தேகமவில் எங்கள் வீட்டில் பட்டப்பகலில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. வலிப்புக்காகக் கண்டி ஆஸ்பத்திரியில் புது மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்றார்கள். கொஞ்ச நாளில் காய்ச்சல், கண் சிவப்பு, வாயெல்லாம் புண், உடம்பெல்லாம் கொப்புளம். மாமியார் பார்த்தவுடனேயே, "இது அம்மை. அம்மை போட்ட பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகக்கூடாது" என்றார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் அம்மை என்றால் மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலேயே வேப்பிலையும் தொங்கும். என் கணவரும் தாய் சொல்லைத் தட்டவில்லை. கொடுமை என்னவென்றால், டாக்டர் வேண்டாம் என்றவர்களுக்கு வலிப்பு மருந்தை நிறுத்த மட்டும் தைரியம் வரவில்லை. அது வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

அன்று மத்தியானம் மருந்தோடு போனேன். கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்த பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வேணாம்மா. அந்தக் கதிரையில இருக்கிற அக்கா குடிக்க வேணாம்னு சொல்றா."

"எந்த அக்கா?"

"அவளுக்கும் இப்படித்தான் வந்துச்சாம். அவங்க வீட்ல அவ சொன்னத யாரும் கேக்கலையாம்."

காய்ச்சலில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன். கட்டிலோரம் கிடந்த நாற்காலியைத்தான் சொன்னாள்; அந்தக் கதிரையில் ஆளில்லை. ஆனால் அதன் கைப்பிடியில் வெங்காயச் சருகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது, தொட்டால் ஈரம். சத்தியமாகச் சொல்கிறேன், அது மனிதத் தோல். என் மகளோ கட்டிலை விட்டு இறங்கவே இல்லை, அதுவரை அவளுக்கு ஓர் இடத்திலும் தோல் உரியவும் இல்லை.

மருந்தைக் கொட்டிவிட்டு, பிள்ளையைப் போர்வையில் சுற்றி, மாமியார் வாசலை மறிக்க மறிக்க ஆட்டோவில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றும்போது முதுகுத் தோலும் அதோடு சேர்ந்து வந்தது.

"இது அம்மை இல்ல. அந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கல. இன்னும் குடுத்திருந்தா பிள்ளை தப்பியிருக்காது" என்றார் டாக்டர்.

உயிர் தப்பினாள். ஒரு கண் போய்விட்டது. மாதாதான் அந்த அக்காவாக வந்து காப்பாற்றினாள் என்று மாமியார் இன்றும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. காப்பாற்ற வந்தவள் கண் போகுமுன் வந்திருக்கக் கூடாதா?

போன வாரம் தலை வாரிவிடும்போது, அந்த அக்கா பிறகு வந்தாளா என்று மகளிடம் கேட்டேன்.

"இங்க வர நேரமில்லையாம், அம்மா. நிறைய வீட்டுக்குப் போறாளாம். யாருமே கேக்க மாட்டேங்கிறாங்களாம்" என்றாள்.