சாமந்தி மாலை வெட்டின மார்க்

போன வெள்ளிக்கிழமை எனக்குப் பரீட்சை!

சிரிக்காதீங்க பிள்ளைங்களா. ஒன்பதாவதோட ஸ்கூலை விட்ட உங்க லாரி மாமாவுக்குத்தான் பரீட்சை. எழுதற பரீட்சை இல்லை... ஓட்டற பரீட்சை. ஓசூர்ல சரக்கு ஏத்திக்கிட்டு கிருஷ்ணகிரியில இறக்கிட்டுத் திரும்பி வரணும். மார்க் போட்டது யார் தெரியுமா? வாத்தியார் இல்லை. லாரிக்குள்ளே ஒட்டியிருந்த சோப்பு டப்பா சைஸ் கேமராப் பெட்டி ஒண்ணு!

கதையை முதல்ல இருந்து சொல்றேன்.

நான் ஓட்டிக்கிட்டு இருந்த லாரியோட முதலாளி வயசாயிடுச்சுன்னு வண்டிகளை வித்துட்டார். நான் வேற கம்பெனி தேடணும். டிரைவருக்கு இங்கே வேலை கிடைக்கறது கஷ்டமில்லை. எந்தக் கம்பெனிக்குப் போறதுங்கறதுதான் கஷ்டம்.

என் சிநேகிதன் முனிரத்தினம் கூப்பிட்டான். வீட்டுல தெலுங்கு பேசறவன். என்கிட்ட தமிழ், தெலுங்கு ரெண்டையும் கலந்து அடிப்பான்.

"எங்க கம்பெனிக்கு வா ரா! கேமரா கிடையாது, ஸ்கோர் கிடையாது, எவனும் ஒரு கேள்வி கேட்க மாட்டான்."

போய்ப் பார்த்தேன். முனிரத்தினம் ஓட்டற வண்டியோட பின் டயர் மொட்டையா இருந்தது. என் தலையில கூட இன்னும் கொஞ்சம் முடி இருக்கு! "இந்த ஒரு ட்ரிப் போயிட்டு வந்துடுப்பா, மாத்திக்கலாம்"னு முதலாளி சொல்றாராம். எத்தனை மாசமா சொல்றார்னு கேட்டேன். முனிரத்தினம் வானத்தைப் பார்த்தான்.

இன்னொரு கம்பெனி சிப்காட் பக்கத்துல. அங்கே ஒவ்வொரு டிரைவருக்கும் சேஃப்டி ஸ்கோர். வேகமாப் போனா வெட்டு. போன் பேசினா வெட்டு. சடன் பிரேக் அடிச்சா வெட்டு. எல்லா டிரைவருங்க மார்க்கும் சேர்ந்துதான் கம்பெனியோட மார்க். அது நல்லா இருந்தா ஃபேக்டரி கேட்டுல வண்டியை உடனே உள்ளே விடுவாங்க. இல்லேன்னா வெளியே வெயில்ல வரிசையில நிக்க வேண்டியதுதான்.

அதனால என்ன ஆகுது பாருங்க! பிரேக் சரியில்லே, டயர் தேஞ்சுடுச்சுன்னு டிரைவர் சொன்னா, அதை மாத்தற வரைக்கும் அந்த வண்டி ஷெட்டை விட்டு நகராது. அங்கே வேலை பார்க்கறவங்களையே கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. எனக்கு அங்கே சேரணும்னு ஆசை வந்துடுச்சு. எந்த அப்பாவுக்குத்தான் வராது? சாயந்திரம் முழுசா வீடு வந்து சேரணும் இல்லையா?

ஆனா ஒரு கண்டிஷன். ட்ரையல் ட்ரிப்புல எண்பது மார்க் எடுக்கணும். எடுத்தா வேலை. எடுக்கலேன்னா... மொட்டை டயர்.

என் பொண்ணு காவ்யா ஆறாவது படிக்கறா. அவளுக்கு இதுல பெரிய குஷி. "எண்பதுக்குக் கீழே வாங்கிட்டு வந்தீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்ப்பா!" நான் அவகிட்ட சொல்ற வசனம் அது. அப்படியே திருப்பிட்டா.

வெள்ளிக்கிழமை விடியக்காலையிலேயே குளிச்சுட்டு, ராயக்கோட்டை சாமந்தி மாலை ஒண்ணு வாங்கினேன். புது வண்டி, முதல் ட்ரிப். பூ போடாம எடுப்போமா? முன்கண்ணாடிக்கு வெளியே, நட்ட நடுவுல, நீளமாத் தொங்கவிட்டேன். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்துல டயரை ஏத்திக் கிளம்பினேன்.

போகும்போது வண்டி பூ மாதிரி போச்சு. மேலுமலை இறக்கத்துல கூட கியரைப் பிடிச்சு மெதுவா இறங்கினேன். பெட்டி மூச்சு விடலை. எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே சிரிப்பு... நூறுக்கு நூறுதான்!

திரும்பி வரும்போது சூளகிரிகிட்ட, சர்வீஸ் ரோட்டுல திடீர்னு... பிரேக்கை மிதிச்சேன் பாருங்க, வண்டியே குனிஞ்சு எழுந்துச்சு. பெட்டி 'கீ... கீ...'ன்னு கத்துச்சு.

ஷெட்டுக்கு வந்து பார்த்தா, மார்க் எழுபத்தி மூணு.

மார்க்கைச் சரிபார்க்கற சேஃப்டி மேடம் பேரு செல்வி. திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயசு, ஆனா கண்ணுல கறார்.

"எதுக்குண்ணே அப்படி ஒரு பிரேக்கு?"

"ரெண்டு பிள்ளைங்க குறுக்கே வந்துட்டாங்க மேடம்."

"எல்லாரும் அதத்தாண்ணே சொல்லுதாங்க. வாங்க, வீடியோவைப் பார்ப்போம்."

கம்ப்யூட்டர்ல போட்டாங்க. பார்த்தா... ரோட்டைக் காணோம்! ஒரே மஞ்சள். காத்துக்கு என் மாலை கண்ணாடியோட ஒட்டி, கேமராவை மூடியிருந்திருக்கு.

"என்னண்ணே இது, லாரியா பூக்கடையா?"

பின்னாடி நின்ன டிரைவருங்க எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. கேமராவை மறைச்சதுக்குத் தனியா ஒரு வெட்டு வேற போட்டிருந்தது பெட்டி. சாட்சி சொல்ல வேண்டிய கேமராவோட கண்ணை நானே கட்டிட்டேனே! அவ்வளவுதான், வேலை போச்சுன்னு எழுந்துட்டேன்.

"உட்காருங்கண்ணே. இன்னும் முடியல."

மேடம் விடாம ஓட்டினாங்க. மஞ்சள்... மஞ்சள்... மஞ்சள்... அப்புறம் நான் பிரேக் மிதிச்ச அந்த நொடி!

லாரி டக்குன்னு நின்னுச்சு. மாலை நிக்கலை. முன்னாடி வீசி, நாடகத்துல படுதா தூக்கற மாதிரி மேலே எழும்புச்சு. அதுக்குக் கீழே தெரிஞ்சுது ரோடு. ஒரு சைக்கிள். யூனிஃபார்ம் போட்ட ரெண்டு பொண்ணுங்க. செயின் கழண்டு, நடு ரோட்டுல, லாரிக்கு நேரா... ஒருத்தி கையில சாப்பாட்டுப் பை. ரெண்டு பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நின்னாங்க.

அடுத்த நொடி மாலை இறங்கிடுச்சு. திரும்ப மஞ்சள்.

"இன்னொரு தடவை போடுங்க மேடம்"னாரு ஒருத்தர். போட்டாங்க. பின்னாடி இருந்து ஒருத்தர் விசில் அடிச்சார் பாருங்க... எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு!

செல்வி மேடம் சொன்னாங்க: "இது தப்பான பிரேக் இல்லண்ணே. அடிச்சே ஆக வேண்டிய பிரேக். அந்த மார்க்கைத் திருப்பிப் போடுதேன். ஆனா மாலைக்கு வெட்டினது வெட்டினதுதான்!"

மொத்தம் எண்பத்தொண்ணு!

காவ்யா கையெழுத்துப் போட்டுட்டா. ரேங்க் கார்டு இல்லை, இன்சூரன்ஸ் பாலிசி வந்த கவர் மேலதான், ஆனாலும் கொட்டை எழுத்துல.

பிள்ளைங்களா, மார்க் குறையறதுல வெட்கம் இல்லை. ஏன் குறைஞ்சுதுன்னு உட்கார்ந்து பார்க்கற ஆளுங்க இருக்காங்களா, அதைத்தான் பார்க்கணும். ஸ்கோர் போடற மெஷினை எந்தக் கம்பெனியும் வாங்கி மாட்டலாம். "உட்காருங்கண்ணே, இன்னும் முடியல"ன்னு சொல்ற ஆளை வச்சிருக்கற கம்பெனியில நான் சேர்ந்துட்டேன். அப்புறம், சைக்கிள் செயின் கழண்டா ரோட்டு ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போய் மாட்டுங்க. எல்லா லாரிக்கும் பிரேக் நல்லா இருக்கும்னு நம்பாதீங்க.

முனிரத்தினம் போன் பண்ணினான். "ஏமி ரா, மார்க் வாங்கற ஸ்கூல்ல சேர்ந்துட்டியாமே? யூனிஃபார்ம் குடுத்தாங்களா?" நல்லா கிண்டல் பண்ணினான். வைக்கறதுக்கு முன்னாடி குரலை இறக்கிக் கேட்டான்: "டயர் மாத்தறாங்கன்னு சொன்னியே... நீ கண்ணால பார்த்தியா?"

பார்த்தேன்னு சொன்னேன். நாளைக்கு அவனுக்கு ட்ரையல்.

மாலையை இப்போ பம்பர்ல கட்டறேன். சாமிக்கும் ரோடு தெரியணும் இல்லையா?