பாதி கடித்த ரொட்டி

உஸ்பெகிஸ்தானில், சமர்கந்திலிருந்து புகாரா போகும் சாலையில் ஓட்டுநர் ஃபர்ஹாத் காரை நிறுத்துகிறார். பழைய குழந்தை வண்டியில் வட்ட ரொட்டிகளை அடுக்கி, துணி மூடி, ஒரு பெண் விற்றுக்கொண்டிருக்கிறாள். சூட்டில் எள் மணக்கிறது.

இது எங்கள் கல்யாண நாளுக்கு மகன் கனடாவிலிருந்து ஏற்பாடு செய்து கொடுத்த பயணம். “ரெண்டு பேரும் ஜாலியா சுத்திட்டு வாங்கப்பா” என்றான். ஐந்து வருடமாக, அம்பத்தூர் வீட்டுக்கு வர மட்டும் அவனுக்கு லீவு கிடைப்பதில்லை.

ஃபர்ஹாத் ஒரு ரொட்டியை எடுத்து என் மனைவியின் கையில் வைத்து, ஆங்கிலத்தில் சொல்கிறார்: “எங்க வீட்ல யாராவது தூரம் போனா, இதுல ஒரு வாய் கடிச்சிட்டுப் போவாங்க. மீதியை அம்மா சுவத்துல மாட்டி வைப்பாங்க. திரும்பி வந்து அவங்கதான் சாப்பிட்டு முடிக்கணும்.”

அதை மனைவிக்குத் தமிழில் சொல்கிறேன். அவள் ரொட்டியைத் திருப்பித் தரவும் இல்லை, பையில் போடவும் இல்லை.

“இன்னா வசந்தி, வாணாமா?”

“அவன் கனடாவுக்குக் கெளம்புன அன்னிக்கு, டாக்சி வந்துடுச்சுன்னு பாதி இட்லிய தட்டுல உட்டுட்டு ஓடுனான்” என்கிறாள். “நாந்தான் அத காக்காவுக்குப் போட்டேன்.”